மூச்சு விடும் கோட்டு

சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு நம்மவர் கட்டிலில் ஒரு ஆளைப் படுக்கவைப்பார். தலையணைமேல் ஹெல்மெட், அதற்குக் கீழே ஜெர்சி, இரண்டு பக்கமும் கையுறை, இடுப்பிலிருந்து தொடைவரை பிப் ஷார்ட்ஸ், கால்மாட்டில் சாக்ஸ். விடிகாலை நாலு மணிக்கு விளக்குப் போடாமல் தடவித் தடவியே உடுத்திக்கொள்ளலாம் என்பது அவர் சொல்லும் காரணம். அவர் மனைவி போர்வையை எடுத்துக்கொண்டு ஹால் சோபாவுக்குப் போய்விடுவார். கேட்டால், "உள்ள ஏற்கெனவே ரெண்டு பேர் படுத்திருக்காங்க" என்பார்.

நம்மவருக்கு ஊர் திருப்பூர். வேலைக்கென்று பெங்களூருக்கு வந்து இருபத்தைந்து வருஷம் தாண்டியாயிற்று. இப்போது ஒயிட்ஃபீல்டில் பதினோராவது மாடி. நாற்பத்தெட்டு வயதில் டாக்டர் "சர்க்கரை எல்லையில நிக்குது" என்றார். இந்த ஊரில் எல்லையில் நிற்கிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை டிரெட்மில் வாங்கி அதில் துண்டு காயப்போடும். இன்னொரு வகை சைக்கிள் வாங்கும். நம்மவர் சைக்கிள் வாங்கினார். அதன் விலையைக் கேட்காதவர்களிடமும் சொல்லுவார். உடுப்புக்கு ஆனதைக் கேட்டால் மட்டும் சீதோஷ்ணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

பெங்களூரில் சைக்கிள் விட என்ன உடுத்த வேண்டும்? எதையாவது உடுத்தலாம் என்பதுதான் நேர்மையான பதில். கடல் மட்டத்துக்குத் தொள்ளாயிரம் மீட்டர் மேலே இருக்கிற ஊர். ஜனவரி விடியலில் பதினைந்து டிகிரி, ஏப்ரல் பகலில் முப்பத்தைந்து. கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றும் சாதாரண டி-ஷர்ட் ஒன்றும் இருந்தால் வருஷத்தை ஓட்டிவிடலாம். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். ஆனால் நம்மவர் சராசரிக்கு உடுப்பு வாங்குகிறவர் இல்லை. 1884 ஜனவரியில் இந்த ஊரில் 7.8 டிகிரிவரை இறங்கியிருக்கிறது. அதற்காக உள்ளே கம்பளி வைத்த தெர்மல் வாங்கினார். 2016 ஏப்ரலில் 39.2 வரை ஏறியது. அதற்காக வலைபோல் ஓட்டைபோட்ட வெள்ளை ஜெர்சி. நடுவே 132 வருஷம். அந்த 132 வருஷத்தில் எந்த நாள் திரும்பி வந்தாலும் அவர் பீரோ தயார்.

"மறுபடி வராதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?" என்று என்னிடம் கேட்டார். நான் எழுதிக் கொடுக்கவில்லை.

மூன்று வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவருக்குப் பின்னால் ஓட்டுகிறவன் நான். அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்குப் பழக்கம். ஜெர்சியின் முதுகில் மூன்று பை. இடதில் வாழைப்பழம், வலதில் பம்ப்பும் பஞ்சர் சாமானும், நடுவில் மழைக்கோட்டு. அந்தக் கோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் பருத்தி விஷயம்.

நம்மவரின் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் சோறு பருத்தியில்தான் வெந்தது. அப்படிப்பட்ட வம்சத்தில் பிறந்தவர் முதல் நாளே என் சட்டையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்து, "காட்டனா?" என்றார். செத்த எலியைத் தூக்குகிற மாதிரி பிடித்தார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பருத்தி வேர்வையைக் குடிக்கும், குடித்ததை விடாது. ஏறும்போது ஈரம், இறங்கும்போது அந்த ஈரத்தில் காற்று பட்டுப் பல் கிட்டிக்கும். பாலியெஸ்டர் வேர்வையைத் துணியின் வெளிப்பக்கத்துக்குக் கடத்தி உலரவிடும். கம்பளி நனைந்தாலும் சூட்டை விடாது. 1919-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் முதன்முதலாகப் போட்ட மஞ்சள் ஜெர்சிகூடக் கம்பளிதான். ஜூலை வெயிலில் கம்பளி! இதையெல்லாம் சொல்லிவிட்டு நம்மவர் கடைசியில் ஒன்று சொல்வார்: "எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

நந்தி மலைக்குப் போன அன்று அவர் சொன்னது உண்மையென்று என் உடம்புக்கே தெரிந்தது. அங்கே உச்சி 1,478 மீட்டர். ஏறுகிற ஏழெட்டு கிலோமீட்டரில் நான் ஒரு குடம் வேர்த்தேன். மேலே மூடுபனி. இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்த விரல் எது, பிரேக் எது என்று தெரியவில்லை. நம்மவர் அதற்குள் கைக்கு ஆர்ம் வார்மர், காலுக்கு லெக் வார்மர், மேலே விண்ட்சீட்டர் என்று பாறையோரம் நின்று ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடிக்க இருபது நிமிஷம். அதற்குள் வெயில் வந்துவிட்டது. கழற்றப் பதினைந்து நிமிஷம். நான் டீக்கடையில் முந்தின நாள் தமிழ்ப் பேப்பர் ஒன்றை வாங்கி மடித்துச் சட்டைக்குள் நெஞ்சில் செருகிக்கொண்டு இறங்கினேன். அந்தக் காலத்து ஐரோப்பியப் பந்தயக்காரர்கள் மலை இறங்கச் செய்ததும் இதுதான். கீழே வந்து எடுத்தபோது ராசிபலன் என் வயிற்றில் தலைகீழாகப் பதிந்திருந்தது.

பிப் ஷார்ட்ஸ் என்பது தோளில் வார் வைத்த, தொடையைக் கவ்விப் பிடிக்கிற லைக்ரா. 1958-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி கண்டுபிடித்த இழை உலகத்துக்கு எவ்வளவோ நன்மை செய்திருக்கிறது. நடுவயது ஆண்களுக்குச் செய்ததை மட்டும் நன்மைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை. அடியில் மெத்தைபோல ஒரு திண்டு இருக்கும். உள்ளாடை போடாமல்தான் அதை அணிய வேண்டும். கடைக்காரர் இதைச் சொல்லக் கூச்சப்பட்டார். நம்மவர் கேட்கக் கூச்சப்பட்டார். முதல் மாதம் இரண்டையும் போட்டு ஓட்டி, தையல் உரசி, ஆபீசில் ஒரு வாரம் காலை அகட்டி அகட்டி நடந்தார். கால்பந்து ஆடினேன் என்று சொல்லிக்கொண்டார்.

ஒரு தடவை ஊரிலிருந்து மாமியார் வந்திருந்தார். பால்கனிக் கொடியில் திண்டு வெளியே தெரியக் கறுப்பு பிப் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா நெடுநேரம் அதைப் பார்த்துவிட்டு மகளிடம் தாழ்ந்த குரலில், "ஏங்கண்ணு, மாப்பிள்ளைக்கு எத்தன நாளா இப்படி?" என்றார். டாக்டரிடம் காட்டினீர்களா, ஊரில் நல்ல வைத்தியர் இருக்கிறார் என்றெல்லாம் பேச்சு நீண்டது. விஷயத்தை விளக்க நம்மவரே ஹாலுக்கு வந்தார். ஜெர்சி போடாமல், தோள்வாரோடு. மாமியார் ஈரோட்டு ரயிலுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார்.

அந்தக் கறுப்பு பிப்பில்தான் கதை இருக்கிறது. பீரோவில் இன்னும் நாலு பிப் உண்டு. ஒன்றின் வார் தோளை அறுக்கும். ஒன்றின் திண்டு தலையணை கனம். ஒன்று தொடையில் வளையல் மாதிரி தடம் போடும். இன்னொன்று அத்தனையிலும் விலை உயர்ந்தது என்பதால் வெளியே எடுப்பதில்லை. ஐந்து வருஷம் முன்பு தள்ளுபடியில் வாங்கிய கறுப்பு மட்டும்தான் உடம்போடு ஒத்துப்போனது. அதனால் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அதே. பச்சைத் தண்ணீரில் தன் கையாலேயே அலசுவார். மெஷினில் போட்டு வாசனைத் திரவம் ஊற்றினால் இழையின் கண் அடைந்துவிடும் என்பார். நிழலில் காயப்போடுவார். ஆனாலும் லைக்ராவுக்குச் சாவு வெயிலால் மட்டும் வருவதில்லை. சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, திண்டுக்கு மேலே துணி கொஞ்சங்கொஞ்சமாகத் தேயும். கறுப்பு சாம்பலாகும். சாம்பல் கொசுவலையாகும். போட்டிருப்பவர் கண்ணாடி முன் நேராக நின்று பார்ப்பதால் அவருக்குத் தெரியாது. குனிந்து ஓட்டுகிறவரின் பின்னால் வருகிறவனுக்குத் தெரியும்.

பல்லில் கீரை ஒட்டியிருந்தால் சொல்லிவிடலாம். இதை எப்படிச் சொல்வது? ஆறு மாதமாக நான் அவரை முந்திப் போகப் பழகிக்கொண்டிருந்தேன்.

இனி அந்த மழைக்கோட்டு. பன்னிரண்டாயிரம் ரூபாய். அதன் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகள். மழைத்துளி நுழைய முடியாத அளவு சிறியவை, வேர்வையின் ஆவி வெளியேறப் போதுமானவை. "மூச்சு விடும்" என்றார். சாதாரண ரெயின்கோட்டில் வெளியே நனையாவிட்டாலும் உள்ளே வேர்த்து நனைந்துவிடுவோம் என்பது வாஸ்தவம். ஆனால் வாங்கி இரண்டு வருஷத்தில் அது ஒரு துளிகூடப் பார்த்ததில்லை. இங்கே செப்டம்பர், அக்டோபரில்தான் மழை அதிகம். அதுவும் பெரும்பாலும் சாயங்காலம், ஆபீஸ் விடுகிற நேரம் பார்த்துப் பெய்யும். நம்மவர் ஓட்டுவது விடியலில். தப்பித் தவறிக் காலையில் தூறினாலும் மரத்தடியில் ஒதுங்குவாரே தவிரக் கோட்டைப் பிரிக்க மாட்டார், சேறு படும் என்று. மட்கார்டு போட்டால் சேறு படாது. முந்நூறு ரூபாய் ஆகும். போட்டால் பால்காரர் சைக்கிள் மாதிரி தெரியுமாம். ஆகவே நனைந்த ரோட்டில் அவர் முதுகில் நடுவாக ஒரு சேற்றுக் கோடு ஏறும், நாமம் மாதிரி.

போன செப்டம்பரில் நந்திக்குக் கிளம்பினோம். நம்மவர் மூன்று ஆப்பில் வானிலை பார்த்தார். ஒன்று வெயில் என்றது, ஒன்று மேகம் என்றது, ஒன்று மழை என்றது. மூன்றுக்கும் உடுத்திக்கொண்டு இறங்கியபோது மணி ஐந்தரை. நந்திக்கு நேரமாகிவிட்டது; ஹொஸ்கோட்டே போகலாம் என்றார். எங்கள் நந்திப் பயணங்களில் பாதி ஹொஸ்கோட்டேயில்தான் முடியும். அங்கே விடியற்காலையிலேயே பிரியாணி. ஞாயிறென்றால் இருட்டோடு வந்து வரிசையில் நிற்பார்கள். பதினைந்து கிலோமீட்டர் மிதித்துவிட்டு மட்டன் பிரியாணி சாப்பிடுவதைப் பற்றி அவருடைய டாக்டர் என்ன சொல்வார் என்று நான் கேட்டதில்லை.

வரிசையில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் குரங்குக் குல்லாய் போட்ட பெரியவர் ஒருவர், கூட மனைவி, மருமகள். பெரியவர் ஒருமுறை பார்த்தார். வானத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமி, "சார், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளி" என்றார்.

இந்த ஊரில் இருபத்தைந்து வருஷம் இருந்தவருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: கொஞ்சம் நகருங்கள். நம்மவர் மரியாதையாக ஓர் அடி முன்னால் நகர்ந்தார். பெரியவர் மறுபடியும் சொன்னார். இவர் இன்னோர் அடி நகர்ந்து முன்னால் நின்றவர் முதுகில் ஒட்டிக்கொண்டார். மூன்றாவது தடவை, "இதுக்கு மேல இடம் இல்லீங்களே" என்று என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். அதற்குமேல் நட்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் இல்லை. காதருகே போய்ச் சொன்னேன்.

கை பின்னால் போனது. தடவிப் பார்த்தது. முகத்தில் ஏறிய சிவப்பு ஹெல்மெட்டின் நிறத்தோடு சேர்ந்துகொண்டது. ஒன்றும் பேசாமல் நடுப் பையிலிருந்து கோட்டை எடுத்தார், இரண்டு வருஷ மடிப்பை உதறினார், பின்பக்கம் தொங்கும்படி கைகளை வயிற்றில் இறுக்கி முடிச்சுப் போட்டார்.

அப்போதுதான் முதல் துளி விழுந்தது. பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது. பெரியவர் குடையை விரித்தார். சிலர் கொட்டகைக்கு ஓடினார்கள். எங்களுக்கு முன்னால் இன்னும் பதினைந்து பேர்தான், இடத்தை விட மனமில்லை. நம்மவர் தலையிலிருந்து மூக்கு வழியாக, ஜெர்சி வழியாகத் தண்ணீர் ஓடியது. அவிழ்க்கவும் முடியாது. என் பருத்திச் சட்டையும் தொப்பலாகி உடம்பில் ஒட்டியது. கால் மணி நேரம் இருவரும் பேசவில்லை.

பொட்டலம் கைக்கு வந்ததும் இடுப்புக் கோட்டுக்குள் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார்.

"பாருங்க," என்றார், "ஒரு சொட்டு உள்ள போகலை."