எல்லாம் கம்மி

ஆனி பிறந்து குற்றால மலையில் மேகம் கட்டி, சாரல் தென்காசித் தெருக்களை நனைக்கத் தொடங்கியதும் ஊரில் இரண்டு கூட்டம் கிளம்பும். ஒன்று, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் போகிற கூட்டம். மற்றொன்று, அருவிக்கரைக் கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கி, அவற்றை அப்படியே தின்ன மனம் ஒப்பாமல் அடுப்பில் ஏற்றுகிற கூட்டம். இரண்டாவது கூட்டம் சிறியதுதான். ஆனால் தெருவுக்கு ஒருவர் தப்பாமல் இருப்பார். இயற்கை மதினி என்று அவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். நெல்லைச் சீமையில் அண்ணன் மனைவிதான் மதினி என்றாலும், அறிவுரை சொல்லும் உரிமையை முன்னிட்டுத் தெரு முழுக்க இவரை மதினி என்றே கூப்பிடும். ஒரு கையில் சிலிக்கான் அச்சு, மறு கையில் கிண்ணம், வாயில் "ஒரு பொட்டு கெமிக்கல் கிடையாதுக்கா" என்ற வாசகம். இவை மூன்றும் இருந்தால் அவர்தான்.

மதினி செய்வது 'கம்மி'. பழச்சாற்றை உறையவைத்துக் கரடிக்குட்டியாக வார்த்தெடுக்கும் மெல்மிட்டாய்க்கு உலகம் வைத்த பெயர் அது. நமக்கோ அந்த ஒலி புதிதல்ல; குறைவு என்ற பொருளில் சந்தைக்கடையில் நாள்தோறும் புரள்வது. தெரிந்தோ தெரியாமலோ மதினியின் கட்சியும் அந்தச் சொல்லில்தான் நிற்கிறது: கெமிக்கல் கம்மி, சீனி கம்மி, செலவு கம்மி. உரசிப் பார்த்தால் மூன்றும் மாற்றுக் குறைகின்றன. ஆனாலும் மதினி தோற்பதில்லை. அவர் வாய்திறந்து சொல்லாத நாலாவது கம்மி ஒன்று அவரைக் காப்பாற்றிவிடுகிறது.

கெமிக்கலிலிருந்து தொடங்கலாம். கடையில் பொட்டலத்தைப் புரட்டி, பின்பக்கப் பொடியெழுத்தில் ஐஎன்எஸ் 330 என்று கண்டால் மதினி தேளைத் தொட்டவர்போல் கையை உதறுவார். 330 என்பது சிட்ரிக் அமிலம். புளியங்குடிச் சந்தையில் குவியும் எலுமிச்சைக்குப் புளிப்பைத் தருவதும் அதுவே. 406 என்பது அகர், அதாவது கூலக்கடை பஜாரில் மதினி வாங்கிவரும் கடல்பாசி. 440 பழத்தோலில் உள்ள பெக்டின், 162 பீட்ரூட் சிவப்பு, 100 மஞ்சளின் நிறச்சத்து. மதினியின் அடுக்களைக்கு எண் போட்டு லேபிள் ஒட்டினால், அதைப் படித்துவிட்டு மதினியே வாங்காமல் நடையைக் கட்டுவார். அந்தக் கடல்பாசியும் வானத்திலிருந்து குதித்ததல்ல. ராமேசுவரம் பக்கத்துப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி போன்றவை ஆலைக்குப் போய், வெந்து, உறைந்து, உலர்ந்துதான் பொட்டலமாகின்றன. செயற்கை நிறம் இல்லையே என்று மதினி கேட்டால், அந்த ஒரு புள்ளியை மறுக்காமல் கொடுத்துவிட வேண்டும். சில செயற்கை நிறங்கள் சேர்த்த உணவில் பிள்ளைகளின் கவனத்தைப் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று ஐரோப்பாவில் 2010 முதல் சட்டமே இருக்கிறது.

சீனி விவகாரம் இதைவிட வேடிக்கை. சீனியை வாசல் வழியே துரத்திவிட்டு, கருப்பட்டியையும் தேனையும் புறவாசல் வழியே அழைத்து வருகிறார். வேடந்தான் மாறுகிறது, கூத்தாடி அவனேதான். உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல், பெரியவர் ஒருவர் நாளுக்கு ஏறக்குறைய 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டிய சர்க்கரையில் தேனையும் பழச்சாற்றின் இனிப்பையும் சேர்த்தே எண்ணுகிறது. முழுப் பழத்தின் இனிப்பை எண்ணுவதில்லை. தோலை உரித்து அப்படியே நீட்டியிருந்தால் கணக்கில் வராத இனிப்பை, அரைத்து, வடிகட்டி, சக்கையை வாழைமூட்டில் கொட்டி, கணக்கில் வருகிற இனிப்பாக மாற்றுவதற்குத்தான் மதினிக்கு அரைநாள் பிடிக்கிறது. கருப்பட்டியில் இரும்புச்சத்து உண்டே என்றால், மொச்சைக்கொட்டை அளவுக் கரடியின் இரும்பை நம்புவதைவிட முருங்கைக்கீரையை நம்பலாம். கீரையைக் கரடியாக வார்த்தாலும் பிள்ளைகள் கண்டுபிடித்துவிடும் என்பதுதான் சிக்கல்.

செலவுக்கு மங்குஸ்தானே சாட்சி. பாதிக்கு மேல் தடித்த தோல். உள்ளே சுளையோ வெள்ளை. மங்குஸ்தான் என்றால் ஊதா என்று பிள்ளைக்குத் தெரியுமாதலால், தூக்கியெறிந்த தோலின் நிறத்தைத் திரும்பக் கொண்டுவரப் பீட்ரூட் வாங்கியாக வேண்டும். எலுமிச்சையை இறக்கியபின் பிழியாமல் கொதிக்கும்போதே பிழிந்துவிட்டால், புளிப்பு கடல்பாசியின் பிடிப்பை அறுத்து, கரடியைப் பாயசமாக்கிவிடும். எல்லாம் கூடிவந்தாலும் வாயில் கரையாது. ஆலைக் கம்மியில் பெரும்பாலும் இருக்கும் ஜெலட்டின், மாடு பன்றிகளின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. 35 டிகிரியில் இளகுவதால் நாக்கில் நழுவும். கடல்பாசி உருக 85 டிகிரி வேண்டும். அது மெல்லுமுன் முறியும். போதாக்குறைக்கு, கம்மியின் மேல்தோல் இறுக அதை ஓரிரு நாள் காற்றாட வைக்க வேண்டும். குற்றாலத்திலோ பழம் வரும் மாதத்தில் வெயில் வராது. மேலே தூவிய கருப்பட்டித்தூள் சாரற்காற்றின் ஈரத்தைக் குடிக்க, கரடிகள் பேரருவியில் குளித்துத் தலை துவட்டாதவைபோல் தட்டில் சொட்டிக்கொண்டு நிற்கும்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுகிற நாலாவது கம்மி எது? எண்ணிக்கை. ஜெர்மனியின் பான் நகரில் ஹான்ஸ் ரீகல் தொடங்கிய ஹரிபோ நிறுவனம் 1922ல் கரடி மிட்டாயை வார்த்தது. இயந்திரத்துக்குக் கை வலிப்பதில்லை. பொட்டலம் தீர்ந்தால் அடுத்த பொட்டலம். மதினியின் அச்சிலோ ஐம்பது குழி. பிடுங்கும்போது தலை போனவை ஐந்து. பதம் பார்த்தவை ஐந்து. பெருமைக்காக எதிர்வீட்டுக்குப் போனவை பத்து. "எனக்கு எதுக்கு" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் முடித்தவை பத்து. மிச்சம் இருபதை இரண்டு பிள்ளைகள் மூன்று நாள் பங்கிட்டால் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று சொச்சம். நாலாம் நாள் கேட்டால் மதினிக்கு இடுப்பு வலி. எந்த வைத்தியரும் இதைவிடக் கறாராகப் பத்தியம் எழுதிக் கொடுக்க முடியாது. வீட்டுக் கம்மியின் ஆரோக்கியம் அதன் சேர்மானத்தில் இல்லை, செய்கிறவரின் அலுப்பில் இருக்கிறது.

பாட்டிமார் இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் இல்லாமலே செய்தார்களே என்பார்கள். உண்மைதான். குற்றாலநாதர் கோயிலின் தலமரமே குறும்பலா. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த செங்கோட்டைப் பக்கம் சக்க வரட்டி கிண்டாத கோடை ஏது? நோன்புக் காலத்தில் கடையநல்லூர் வீடுகளில் கடல்பாசி காய்ச்சுவது இன்றும் உண்டு. ஆனால் பாட்டி வரட்டி கிண்டியது ஆரோக்கியத்துக்காக அல்ல. ஒரு பலா பழுத்தால் ஒரு வீடு தின்று தீராது, கெடாமல் வைக்க வேறு வழியில்லை என்பதற்காக. அதிலும் பூட்டுப்போட்டது உழைப்புத்தான்: உருளியைக் கிண்டிக் கிண்டித் தோள் கழன்றவர், பரணில் ஏற்றிய வரட்டியை நெல்லிக்காய் அளவுக்கு மேல் யாருக்கும் கிள்ளிக் கொடுத்ததில்லை.

அப்படியானால் ஒரு பெண்ணின் வேலைப்பளுவையா மருந்தென்று புகழ்வது என்று கேட்டால், கேள்வி நியாயமானது. பதில் எளிது: அலுப்பு யாருடையதானாலும் வேலை செய்யும். பத்துக் கரடியை முடித்த அண்ணனே அடுத்த முறை அகப்பையைப் பிடிக்கட்டும். எண்ணிக்கை இன்னும் கம்மியாகும். உண்மையான ஆபத்து வேறு. வாட்ஸ்அப்பில் மதினி வைத்த படத்தைப் பார்த்து இலஞ்சியிலிருந்தும் மேலகரத்திலிருந்தும் ஆர்டர் வரும். ஒரு அச்சு பத்தாகும், கிண்ட ஆள் வரும், நாலு நாளில் நீர் கக்கும் கரடி நாற்பது நாள் தாங்க வேண்டியிருக்கும். அதற்கும் ஓர் எண் பின்பக்கத்தில் ஏறும். அன்றைக்குக் கம்மி, ஜாஸ்தியாகிவிடும். ஆகையால் மதினியின் மேல் அன்புள்ளவர்கள் அவருக்குப் பட்டுப்புடவை வாங்கித் தரலாம், செங்கோட்டைப் பார்டர் கடைப் பரோட்டா வாங்கித் தரலாம். இரண்டாவது அச்சு மட்டும் வாங்கித் தரக் கூடாது.