இந்தக் காலத்தில் பெருங்கலை உண்டா? கேள்வி – பதில்

கே: அந்தக் காலத்துச் சிற்பம், காவியம், இசை ஆகியவற்றுக்கு ஈடாக இன்று என்ன இருக்கிறது? பெருங்கலையின் காலம் மலையேறிவிட்டதா?

ப: மலையேறவில்லை. பழங்காலம் என்று இன்று கைக்கு வந்திருப்பது நூற்றாண்டுகள் புடைத்துக் கொடுத்த அரிசி. இந்தக் காலம் இன்னும் களத்தில் கிடக்கும் நெல். இரண்டையும் தராசில் வைத்தால் ஒரு தட்டு சாயத்தான் செய்யும். கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் எழுதியவை நூற்றுக்கும் மேல். முழுமையாகக் கிடைத்தவை ஏழே ஏழு. அதே மேடையில் ஏறிய சுமாரான நாடகங்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. அதனால்தான் ஏதென்ஸ் தெருவெல்லாம் மேதைகளே நடமாடியதுபோல் தோன்றுகிறது.

காலம் எப்போதும் சரியாகப் புடைத்தது என்றும் சொல்ல முடியாது. டச்சு ஓவியர் வெர்மீர் 1675இல் இறந்தார். 1866இல் தோரே என்ற பிரெஞ்சு விமரிசகர் அவரைப் பற்றி விரிவாக எழுதும்வரை உலகம் அவரைப் பெரிதாக எண்ணவில்லை. தமிழிலும் இதே கதைதான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே.சாமிநாதையரே, சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட பிறகுதான் சீவக சிந்தாமணியைத் தேடிப் படித்தார். அது அவர் பதிப்பில் அச்சேறியது 1887இல்.

கே: சுவாமிமலையில் இன்றும் அதே முறையில்தான் சிலை வார்க்கிறார்கள். பிறகு ஏன் சோழர் சிலைபோல் வருவதில்லை?

ப: கைத்திறனில் குறை இல்லை. மெழுகோடு குங்கிலியம் சேர்த்துக் காய்ச்சி உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சுடுகிறார்கள். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றி, ஆறியதும் மண்கூட்டை உடைக்கிறார்கள். 2023இல் டெல்லி ஜி-20 மாநாட்டு வளாகத்தில் நிறுவப்பட்ட மாபெரும் நடராசர் சிலையும் சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்ததுதான்.

மாறியிருப்பது அந்தக் கைகளுக்குத் தரப்படும் வேலை. கருவறையில் நிலையாக இருந்த இறைவன் வீதியுலா வரவேண்டும் என்ற வழக்கம் சோழ நாட்டில் செழித்தபோது, நாலாபுறமிருந்தும் பார்க்கத் தகுந்த உருவம் தேவைப்பட்டது. அதற்கு முன்மாதிரி அதிகம் கிடையாது. ஸ்தபதிகள் தாமே வழி கண்டார்கள். தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனரை எடுத்துக்கொள்ளலாம். 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த சிலை. சடையைத் தலைப்பாகைபோல் சுருட்டிக் கட்டி, கால்மேல் கால் குறுக்கிட்டு, ஒரு கையைக் காளையின் மேல் சாய்த்து நிற்கிறார் சிவன். காளை இப்போது இல்லை. ஆனாலும் அது எவ்வளவு உயரம் இருந்திருக்கும், எவ்வளவு சாதுவாக நின்றிருக்கும் என்பது வரை அந்தக் கையின் சாய்விலேயே தெரிகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்த நிலை அது. இன்று ஸ்தபதிகளிடம் வரும் ஆர்டர்களில் பெரும்பகுதி பழைய சிலையை அச்சு மாறாமல் கேட்கிறது. கேட்பவர் புதிதாகக் கேட்டால் வார்ப்பவரிடம் விடை இல்லாமல் போகாது.

கே: அப்படியானால் புதிய தேவையும் புதிய விடையும் எங்கே சந்தித்தன? ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும்.

ப: வாஷிங்டன் நகரில், 1982இல். வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கப் படையினருக்கு நினைவிடம் வேண்டும். ஆனால் அந்தப் போர் சரியா தவறா என்பதில் நாடே இரண்டுபட்டுக் கிடந்தது. குதிரைமேல் தளபதி, கொடி பிடித்த வீரன் என்ற பழைய வடிவங்கள் எதுவும் அங்கே பொருந்தாது. வடிவமைப்புப் போட்டிக்கு 1,421 விண்ணப்பங்கள் பெயர் மறைத்து, எண் மட்டும் இட்டு நடுவர்கள் முன் வைக்கப்பட்டன. 1981இல் தேர்வானது யேல் பல்கலைக்கழக மாணவி மாயா லின் வரைந்தது. அப்போது அவருக்கு வயது 21.

அவர் மண்ணுக்குள் இறங்கும் ஒரு கறுப்புச் சுவரைத் தந்தார். தரையோடு தரையாகத் தொடங்கி, நடுவில் ஆளுயரத்தைத் தாண்டி, மறுபடி தரையோடு தாழும் இரண்டு கைகள் கொண்ட சுவர். அதில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். பதவி இல்லை, அகரவரிசை இல்லை. இறந்த நாள் வரிசை. முதல் பெயர் நடுமூலையில் தொடங்கி, வலப்பக்கச் சுவரின் நுனிவரை ஓடி, இடப்பக்க நுனியில் மறுபடி பிடித்து, அதே நடுமூலையில் வந்து முடிகிறது. முதலில் இறந்தவரும் கடைசியில் இறந்தவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒரே நாளில் ஒரே சண்டையில் இறந்த நண்பர்களின் பெயர்களும் சேர்ந்தே இருக்கின்றன. அகரவரிசையில் போட்டிருந்தால் அவர்கள் பிரிந்து, சுவர் தொலைபேசிப் புத்தகமாகியிருக்கும்.

அந்தக் கல் பெங்களூர்ப் பக்கத்துக் கறுப்பு கிரானைட். கண்ணாடிபோல் மெருகேற்றியிருப்பதால், பெயரைத் தேடிக் குனிபவரின் முகம் அந்தப் பெயர்மேலேயே விழுகிறது. காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து மகனின் பெயரைப் படியெடுத்துக்கொண்டு போகிறார்கள் தாய்மார்கள். வடிவம் வெளியானபோது இது அவமானத்தின் அடையாளம் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. சமாதானத்துக்காக 1984இல் மூன்று வீரர்களின் வெண்கலச் சிலை அருகே சேர்க்கப்பட்டது. அதுவும் நேர்த்தியான வேலைதான். ஆனால் மக்கள் கைவைத்துத் தொடுவது சுவரை. இந்தச் சுவர் எந்த நூற்றாண்டில் எழுந்திருந்தாலும் பெருங்கலைதான்.

கே: வாழைப்பழத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டிக் கோடிக்கணக்கில் விற்கிறார்களே, அதுவும் பெருங்கலையா?

ப: இல்லை. இத்தாலியக் கலைஞர் கத்தெலான் 2019இல் மயாமியில் வைத்த பழம் அது. 2024இல் நியூயார்க் ஏலத்தில் கட்டணம் உட்பட 62 லட்சம் டாலருக்குப் போனது. எது கலைப்பொருள் என்ற கேள்வியை 1917லேயே சிறுநீர்க் கோப்பை ஒன்றைக் கண்காட்சிக்கு அனுப்பிக் கலைஞர் துஷாம்ப் கேட்டுவிட்டார். கேட்ட கேள்வியை நூறாண்டு கழித்துக் கேட்பதில் புதுமை குறைவு.

விலையைக் கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. வான்கோ 1890இல் இறந்தார். தம்முடைய கடைசி மாதங்களில் அவர் வரைந்த டாக்டர் காஷேயின் உருவப்படம் 1990இல் 8.25 கோடி டாலருக்கு விற்றது. அந்த நூறு ஆண்டில் படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

கே: கணினியே படம் வரையும்போது ஓவியருக்கு இனி என்ன வேலை?

ப: 1839இல் புகைப்படம் வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. அச்சு அசலாகப் பதியும் வேலையைக் கேமரா எடுத்துக்கொண்டதும், ஓவியர்கள் ஒளியையும் கணநேரத் தோற்றத்தையும் வரையப் போனார்கள். அப்படி வரைந்த இம்ப்ரெஷனிஸ்டுகளின் முதல் கண்காட்சி 1874இல் பாரிஸில் நடந்தது, நாதார் என்ற புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோவில்! அதே கேமராவிலிருந்து சினிமா என்ற புதிய கலையும் பிறந்தது.

கே: கோயில் கட்ட ராஜராஜன் இருந்தான். இன்று யார் இருக்கிறார்கள்?

ப: அரசர் இல்லை, ஆனால் வேறு வழிகள் உண்டு. மாயா லின் சுவர் பொதுமக்களின் நன்கொடையில் எழுந்தது. சத்யஜித் ரே “பதேர் பாஞ்சாலி”யைத் தொடங்கியபோது தயாரிப்பாளர் யாரும் முன்வரவில்லை. மனைவியின் நகையை அடகு வைத்தார். அக்காவும் தம்பியும் நாணல் காட்டில் ரயிலைத் தேடி ஓடும் காட்சியைத்தான் முதலில் எடுத்தார். பாதி எடுத்துவிட்டு அடுத்த வாரம் போய்ப் பார்த்தால், வெண்பூக்களை மாடுகள் மேய்ந்திருந்தன. மீதிக் காட்சிக்கு மறுபடி பூக்கும் பருவம்வரை காத்திருக்க நேர்ந்தது. கடைசியில் மேற்கு வங்க அரசு பணம் தந்து 1955இல் படம் வெளிவந்தது. சென்னையில் 1966இல் கே.சி.எஸ்.பணிக்கர் தலைமையில் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமமோ பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது.

கே: தமிழில் 20ஆம் நூற்றாண்டு என்ன தந்தது?

ப: சிறுகதையைத் தந்தது. புதுமைப்பித்தனின் “செல்லம்மாள்” கதையில், சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை இறந்த மனைவியின் உடலருகே தனியாக இருக்கிறார். பிழைப்புக்காக ஊர்விட்டு நகரம் வந்த எளிய மனிதரின் துயரத்தைச் சொல்லக் காவியத்தில் இடமில்லை. அதற்கான வடிவத்தை “மணிக்கொடி” இதழின் எழுத்தாளர்கள் உருவாக்கினார்கள். புதுமைப்பித்தன் 1948இல் தம் 42ஆம் வயதில் காசநோயால் இறந்தார்.

இசையில் அந்த நூற்றாண்டுக்கு முன்னோருக்கு இல்லாத ஒரு பேறும் உண்டு. தியாகராசரின் குரல் எப்படியிருந்தது என்பது 1847இல் அவரோடு போய்விட்டது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தில் தோடி எப்படி ஒலித்தது என்பதை, 1956இல் அவர் மறைந்த பிறகு பிறந்தவர்களும் இசைத்தட்டில் கேட்கலாம்.

கே: நம் காலத்துப் பெருங்கலையை இப்போதே அடையாளம் காண முடியுமா?

ப: ஓரளவுக்கு. நிபுணர்களும் தடுமாறுவார்கள். “சைட் அண்ட் சவுண்ட்” என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமரிசகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. 1952இல் முதலிடம் “பைசிக்கிள் தீவ்ஸ்”. 1962 முதல் 2002 வரை “சிட்டிசன் கேன்”. 1941இல் வெளிவந்தபோது வசூலில் நஷ்டப்பட்ட படம் அது. 2012இல் “வெர்ட்டிகோ”. 2022இல், ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் பொறுமையாகக் காட்டும் ஷான்டால் அக்கர்மனின் “ழான் தீல்மான்” முதலிடத்துக்கு வந்தது. 1975இல் எடுத்த படத்துக்கு அந்த இடம் கிடைக்க 47 ஆண்டு ஆயிற்று.

ஆகவே பட்டியலுக்குக் காத்திருக்காமல் நேரில் போய்ப் பார்ப்பதே நல்லது. சென்னையில் இருப்பவர் காலையில் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைகளையும் மாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்து ஓவியங்களையும் பார்க்கலாம். 2012இல் தொடங்கிய கொச்சி பியனாலே நடக்கும் ஆண்டில், ஃபோர்ட் கொச்சியின் பழைய கிடங்குகளில் இன்றைய உலகக் கலையைக் காண ஒரு ரயில் டிக்கெட் போதும்.