நம்ம உடம்புவாகு வேற

டயட்டை மீறுகிறவரைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒளிந்து சாப்பிடுவார், வாயைத் துடைத்துக்கொண்டு வருவார், கேட்டால் சிரித்து மழுப்புவார். நான் சொல்ல வந்தவர் அந்த ரகமே இல்லை. இவர் நடுக்கூடத்தில், ஃபேனுக்கு அடியில், மனைவி மக்கள் பார்க்க, டயட் சார்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவார். சார்ட்டில் ஒரு வரியைக்கூட மீறமாட்டார். ஒவ்வொரு வரியையும் தன் உடம்புக்குத் தக்கபடி கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்வார், அவ்வளவுதான்.

தெருவுக்கு ஒருவர் இப்படி உண்டு. எங்கள் பாளையங்கோட்டைத் தெருவில் இருப்பவரை உடம்புவாகு அண்ணாச்சி என்று வைத்துக்கொள்வோம். கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் அரசாணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட என்ன எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தே முப்பது வருஷம் பில்களைப் பாஸ் செய்தவர், திருப்பியும் அனுப்பியவர். சர்க்கரை வந்து, டயட்டீஷியன் ஒரு தாளைக் கையில் கொடுத்தபோது அதையும் அதே கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் படித்தார்.

காலை 2 இட்லி என்று இருந்தது. “என்ன சைஸுன்னு போடலியே தம்பி” என்றார் என்னிடம். அவர் வீட்டு இட்லிக் கொப்பரை அம்மா காலத்துப் பித்தளை. அதில் வெந்த ஓர் இட்லியை இப்போதைய ஓட்டல்காரர் பார்த்தால் நாலாக வெட்டி நாலு பேருக்குப் பரிமாறுவார். இரவு 2 சப்பாத்தி. விட்டம் போடவில்லை. எண்ணெய் நாள் ஒன்றுக்கு 3 டீஸ்பூன். நெய்யைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, ஆகவே நெய் இந்த ஆணையின் வரம்புக்குள் வராது. சர்க்கரை கூடாது என்று தெளிவாகவே இருந்தது. அதனால் அண்ணாச்சி சர்க்கரையைத் தொடுவதே இல்லை. காபிக்கு உடன்குடிக் கருப்பட்டிதான். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், கணையத்துக்கு நிறம் தெரியாது என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். “அது உங்க புஸ்தகத்துல, சார். எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் கருப்பட்டிதான்” என்று பதில் வந்தது. தாத்தா பனை ஏறி, தானே இறக்கி, தானே காய்ச்சினார் என்ற பகுதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார்.

மதியம் 1 கப் சோறு என்ற வரியை அவர் நிறைவேற்றுகிற விதத்தை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கப் ஒன்றும் மோசடியில்லை. மதினி கடையில் கேட்டு வாங்கிய அளவுக் கப்தான். முதலில் சோற்றைத் தளதளவென்று அள்ளிப் போட்டார். கரண்டியின் முதுகால் ஒரு அமுக்கு. சோறு பாதிக் கப்புக்கு இறங்கியது. மறுபடி நிரப்பினார், மறுபடி அமுக்கினார். மூன்றாவது தடவை கப்பைத் தரையில் இரண்டு தட்டு தட்டினார், ரேஷன் கடையில் நமக்குச் செய்யாததை அவர் தமக்குச் செய்துகொண்டார். கடைசியில் மேலே கோபுரமாக ஒரு கும்பம். தட்டில் கவிழ்த்தபோது கப்பின் வடிவத்திலேயே சோறு நின்றது, அசையவில்லை. மேலே குழம்பை ஊற்றினால் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடியது. “ஒரு கப்தான், பாத்துக்கோ” என்றார் மதினியிடம். மதினி என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

ஆனால் அவருடைய தலைசிறந்த தீர்ப்பு கோதுமை பற்றியது. அரிசியைக் குறைத்துக் கோதுமை சேர்க்கலாம் என்று சார்ட்டில் ஒரு வரி. திருநெல்வேலியில் கோதுமையைப் பற்றி இப்படிப் பொதுவாக எழுதுவது எவ்வளவு ஆபத்து என்று வெளியூர் டயட்டீஷியனுக்கு எப்படித் தெரியும்? சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பாலெடுத்துக் கிண்டுவதுதானே அல்வா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெல்லையப்பரைச் சேவித்துவிட்டு, எதிரே விளக்கு மங்கலாக எரிகிற கடையில் வரிசையில் நின்று, இலைத்துண்டில் நூறு கிராம் சூடாக வாங்கிச் சாப்பிடுவார். கோதுமை ஆயிற்று. கோவிலைச் சுற்றியதில் நடைப்பயிற்சியும் ஆயிற்று.

இதற்கெல்லாம் தத்துவ ஆதாரம் கேட்டால் சித்த வைத்தியத்துக்குப் போய்விடுவார். “வாத உடம்பு, பித்த உடம்பு, கப உடம்புன்னு பெரியவங்க பிரிச்சு வச்சிருக்காங்கல்லா? எல்லாருக்கும் ஒரே தாளைக் குடுத்தா எப்படி?” நியாயமான கேள்வி. அவர் எந்த உடம்பு என்பதுதான் பிடிபடவில்லை. பாகற்காய் வைத்த அன்று வாத உடம்பு. மோர் குடிக்கச் சொன்னால் கப உடம்பு. ஓட்ஸ் கஞ்சி நீட்டினால் பித்தம் தலைக்கேறும். மறுவீட்டு விருந்தில் சொதியும் இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் இலைக்கு வருகிற அன்று மட்டும் மூன்றும் சமநிலைக்கு வந்து கைகோத்து நிற்கும்.

கவனித்துப் பார்த்தால், இந்த ரகத்து மனிதர்களின் உடம்பு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும். ஒத்துக்கிடாதவை என்று அண்ணாச்சி சொல்லும் பட்டியலில் பாகற்காய், ஓட்ஸ், முளைகட்டிய பயறு, சாயங்கால நடை, சீக்கிரம் தூங்குவது எல்லாம் உண்டு. எனக்கு ஜாங்கிரி ஒத்துக்கிடாது, உடம்புவாகு அப்படி, என்று எந்தக் கல்யாணப் பந்தியிலும் ஒரு குரலை நான் கேட்டதில்லை.

2024 மே மாதம் அண்ணாச்சிக்கு மேலிடத்து ஆதரவே கிடைத்தது. ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்தியர்களுக்கான உணவு நெறிகளைத் திருத்தி வெளியிட்டன. (ஹைதராபாத் என்று பெயரே தவிர, ஆரம்பம் நம் குன்னூரில்தான். 1918-இல் ராபர்ட் மக்காரிசன் அங்கே பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியதுதான் வளர்ந்து வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபோனது.) மொத்தம் 17 நெறிகள். 2,000 கலோரிக்கான ஒருநாள் உணவில் காய்கறி 400 கிராம், தானியம் 250 கிராம், பருப்பு, பழம், பால் என்று கணக்கு நீளும். அண்ணாச்சி கண்ணில் பட்டது ஒரே எண். “250 கிராம்னா சோறு இல்ல தம்பி, அரிசி. பச்சை எடை. நல்லா வாசிச்சுப் பாரு.” அவர் சொன்னது முற்றிலும் சரி. வெந்தால் அது முக்கால் கிலோவைத் தொடும். அது நாள் முழுவதற்கும், தோசை மாவையும் சேர்த்து, சர்க்கரை இல்லாத உடம்புக்குச் சொன்னது என்பது மட்டும்தான் விட்டுப்போயிற்று. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம் என்பதும் அதே நெறிகளில் உண்டு. அது அவருக்கு ஒத்துக்கிடாது. தலை இடிக்கும்.

அவரை முழுக்கக் கிண்டல் செய்யவும் மனசு வரவில்லை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அத்தனை பேருக்கும் ஒரே தாள் எப்படிப் பொருந்தும்? சிறுநீரகம் பழுதானவருக்குப் பருப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள், பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கூட்டச் சொல்கிறார்கள். ஒரே சோறு இரண்டு பேருக்கு இரண்டு விதமாக ஏறுகிறது. சோறு ஆறினால் அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறுகிறது என்பதும் உண்மைதான். அது அண்ணாச்சி காதிலும் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து சோற்றை ஆறவைத்து இரண்டு கப் சாப்பிடுகிறார்.

இந்த வம்சத்துக்கு லண்டனில் ஒரு மூத்தவர் உண்டு. வில்லியம் பான்டிங் என்று பேர். இன்சுலின் பான்டிங் வேறு ஆள். அரச குடும்பத்துச் சாவுகளுக்கே இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்துகொடுத்த குடும்பம். ஐந்தடி ஐந்தங்குல உயரம், எடை 202 பவுண்டு, அதாவது 91 கிலோ சொச்சம். தம் ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிய முடியாத மனிதர், ஹார்வி என்ற டாக்டர் சொன்னபடி ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் விட்டு இளைத்து, 1863-இல் அந்தக் கதையைச் சிறு பிரசுரமாகப் போட்டார். அது ஊரைக் கலக்கியது. கண்டிப்பான டயட்டுதான், மதியச் சாப்பாட்டோடு இரண்டு மூன்று கிளாஸ் ஒயின் உண்டு. படுக்கப் போகுமுன், தேவைப்பட்டால், ஒரு டம்ளர் ஜின்னோ விஸ்கியோ பிராந்தியோ, சர்க்கரை சேர்க்காமல். அந்தத் ‘தேவைப்பட்டால்’ என்ற இடத்தில் நான் அண்ணாச்சியின் கையெழுத்தைப் பார்த்தேன். ஒரே வித்தியாசம், பான்டிங் தம் எடையைத் தேதி போட்டுக் குறித்து வந்தார், அது இறங்கிக்கொண்டும் வந்தது.

அண்ணாச்சிக்கும் கணக்கு உண்டு, ஆனால் அது ஆடிட்டுக்கு முந்தின வாரக் கணக்கு. ரத்தப் பரிசோதனை தேதி குறித்ததும் ஆள் மாறிவிடுவார். ஏழு நாள் வெள்ளரிக்காய், கொத்தவரங்காய், மோர். வெறும் வயிற்று ரத்தத்தில் சர்க்கரை சமர்த்தாக இருக்கும். சாப்பிட்ட பிறகு எடுக்கும் ரத்தத்துக்கு அன்று மட்டும் ஓட்டல் இட்லி இரண்டு, சட்னி தொடாமல். ரிப்போர்ட்டைத் தெரு முழுக்கக் காட்டுவார். இந்த ஏற்பாடு நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, புதிதாக வந்த டாக்டர் மூணு மாச சர்க்கரை எழுதிக்கொடுக்கிறவரை. ரத்தத்தின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது; வாழ்கிற நாளெல்லாம் மிதந்த சர்க்கரையைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டே திரிகிறது. வெள்ளரிக்காய் வாரத்துக்கு முன்னால் நடந்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். 8.6 என்று வந்தது.

“இது சராசரி தானே” என்றார் அண்ணாச்சி, சற்றும் அசராமல். “சராசரியில நம்மளத் தனியா எப்படிக் கண்டுபிடிப்பாங்க?”

பெங்களூரில் இருக்கும் மகன் கோபத்தில் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி அனுப்பினான். இங்கேதான் எதிர்பாராத ஒன்று நடந்தது. கருவூலக்காரர் கையில் பேரேட்டைக் கொடுத்தால் சும்மா இருப்பாரா? கோடு போட்டு, தேதி, நேரம், உண்டது, இரண்டு மணி நேரம் கழித்து வந்த எண் என்று பத்தி பிரித்து எழுத ஆரம்பித்துவிட்டார். இரண்டு இட்லி, சாம்பார்: 171. கேழ்வரகுக் கஞ்சி: 238. மறுநாளும் கஞ்சி: 231. மதினிக்குக் கேழ்வரகு என்றால் சர்க்கரைக்கு மருந்து. ஊரே அப்படித்தான் சொல்கிறது. “கேப்பை நமக்கு ஒத்துக்கிடல. உடம்புவாகு அப்படி” என்றார் அண்ணாச்சி. வீடே சிரித்தது. மகன் போனில் சிரித்தான். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் உண்மையைச் சொல்லியிருந்தார், நம்புவதற்கு ஓர் ஆள் இல்லை.

பேரேட்டைத் தூக்கிக்கொண்டு டயட்டீஷியனிடம் போனார். துணைக்கு என்னையும் அழைத்துப் போனார், சாட்சிக்கு. அந்தப் பெண் பொறுமையாகப் பக்கம் புரட்டினார். “நீங்க சொல்றது சரிதான் சார். மாவை நைஸா அரைச்சுக் கஞ்சியாக் காய்ச்சினா சீக்கிரமே செரிச்சு ஏறிடும். உங்களுக்கு நல்லாவே ஏறுது. கஞ்சியை நிறுத்திடுங்க.” அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை ஓய்வூதிய ஆணை வந்த அன்றுகூட நான் பார்த்ததில்லை.

அவர் அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் எல்லா வாரமும் காலியா இருக்கே சார்?”

“அன்னைக்கு மெஷினுக்கு ஓய்வு, அம்மா.”

அந்தப் பெண் சிரிக்கவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து, பேரேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அண்ணாச்சியின் உடம்புக்கென்றே தனிச் சார்ட் எழுதினார். கப் இல்லை, எண்ணிக்கை இல்லை; எல்லாம் கிராம். வெந்த சோறு இத்தனை கிராம், இட்லி ஒன்று இத்தனை கிராம், நெய் பெயர் சொல்லி இத்தனை மில்லி, கருப்பட்டி பெயர் சொல்லிப் பூஜ்யம். அல்வாவுக்கும் தனி வரி. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். “இது பொதுத் தாள் இல்ல சார். உங்க உடம்புக்கு மட்டும்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணாச்சி பேசவே இல்லை. அரசாணையில் விட்டுப்போன இடமே இல்லாவிட்டால் ஒரு கண்காணிப்பாளர் என்னதான் செய்வார்? ஜங்ஷனில் இறங்கித் தராசு வாங்கினோம். வாங்கி முடித்ததும் முகம் லேசாகத் தெளிந்தது.

“தம்பி, கடைத் தராசுக்கு வருஷா வருஷம் அரசாங்க முத்திரை உண்டு. இதுக்கு ஏது? சரியா நிறுக்குதுன்னு யாரு சர்டிபிகேட் குடுத்தா? ஒருக்கச் சோதிச்சுப் பாத்துட்டுல்லா உபயோகிக்கணும்?”

“எப்படி அண்ணாச்சி சோதிக்க?”

“முத்திரை போட்ட கடையில அரைக் கிலோ எதையாவது வாங்கி இதுல வச்சுப் பாக்கணும்.”

எதையாவது என்றாரே தவிர, கால்கள் டவுன் பஸ் பக்கம் நடந்துவிட்டன. என்னை வீட்டில் போய்க் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனவர், விளக்கு வைத்த பிறகு வந்தார். பொட்டலத்தைத் தராசில் வைத்தார். 430 என்று காட்டியது.

“பாத்தியா, எழுபது கிராம் குறையுது. இந்தத் தராசு நமக்குச் சரிப்பட்டு வராது” என்றார்.

மதினி தராசைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் வலது கைவிரல்களைப் பார்த்தார். நெய் மினுமினுத்தது.