டாங்கிள் கிராணி

சுங்கை பெசாரில் நெல்வயலைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். தோட்டம் என்றால் கிராணி, அதாவது கணக்கர். அந்தக் காலத்துக் கிராணியின் அதிகாரம் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருந்தது. விடியுமுன் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், பேர் விழாதவனுக்கு அன்று சம்பளம் கிடையாது. இப்போது செக்ரோல் கணினிக்குள் போய்விட்டது. அதிகாரம் மட்டும் கட்டைவிரல் நீள டாங்கிளாகச் சுருங்கி, அவர் இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்குகிறது.

யூஎஸ்பி துளையில் அதைச் செருகினால்தான் ஆலையின் லாரித் தராசு மென்பொருள் வாய் திறக்கும். வெளியே பழக்குலை ஏற்றிய லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அடிபட்ட பழத்தில் தனிக் கொழுப்பமிலம் மணிக்கு மணி ஏறும். கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் விலை அடிபடும். இதெல்லாம் கிராணிக்கு நன்றாகத் தெரியும். ஆகவே தே தாரேக்கை நிதானமாகக் குடித்து முடித்த பிறகே எழுவார்.

டாங்கிள் தொலைந்தால் பெரும்பாலும் மாற்றுச் சாவி கிடைக்காது, புது உரிமமே வாங்க வேண்டும். உடைந்தால் உடைந்ததைக் காட்டியாக வேண்டும். அதனால் ஆயுத பூஜைக்கு அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு உண்டு, முனையில் படாமல்.

அவருக்கும் ஒரு குறை இருக்கிறது. டாங்கிள் அவர் கையில். கணினியின் அட்மின் பாஸ்வேர்ட் கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில். வின்டோஸ் புதுப்பித்துக்கொண்ட மறுநாள் டாங்கிளின் டிரைவர் படுத்துவிட்டால் இரு தரப்பும் சேர்ந்துதான் எழுப்ப வேண்டும். தலைமை அலுவலகத்துத் தம்பி தொலைவிலிருந்தே திரைக்குள் நுழைந்து டிரைவரை ஏற்றிவிடுவான். ஆனால் மென்பொருளைத் திறந்து பார்க்க முடியாது. ஒற்றை ஆள் டாங்கிள்களில் பல, ரிமோட் டெஸ்க்டாப்பை மோப்பம் பிடித்ததும் உரிமம் இல்லை என்று கைவிரித்துவிடும்.

“அண்ணே, நீங்களே பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட், அப்புறம் 1947-ன்னு அடிங்க. ஹாஸ்ப் டாங்கிள் தெரியுதான்னு பாருங்க.”

“ஒண்ணும் வரலயே தம்பி.”

“என்ன அடிச்சீங்க?”

“1957.”

“அது நம்ம மெர்டேக்காண்ணே. இது இந்தியாவோடது.”

தைப்பூசம் வந்தால் நிலைமை இன்னும் விசேஷம். அலுவலகத்தில் வைத்தால் தொலைந்துவிடும் என்று டாங்கிளும் கிராணியோடு பத்துமலைக்குக் கிளம்பிவிடும். லாரிகள் ஹாரன் அடிக்க, தம்பி போன் அடிப்பான்.

“எங்கண்ணே இருக்கீங்க?”

“272 படியில பாதி ஏறிட்டேன்.”

“இறங்கி வாங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன். டாங்கிளை வாங்கி ஆள்கிட்ட கொடுத்தனுப்புறேன்.”

“சும்மா கொடுக்க முடியுமா தம்பி? ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கணும்.”

“ரெஜிஸ்டர் எங்க?”

“ஆபீஸ் அலமாரியில. சாவி என் இடுப்புல பத்திரமா இருக்கு, நீ கவலப்படாத.”