குத்தாதே, ஊறப்போடு

ஓர் ஓட்டை அடைத்துக்கொண்டது என்று தெரிந்த மறுகணமே நம்மவர் கை ஊசியைத் தேடும். காது அடைத்தால் ஊக்கு, மைப்பேனா அடைத்தால் பிளேடு, ஷவர் அடைத்தால் கோணி ஊசி. இந்த வித்தைக்குப் பள்ளிக்கூடம் நடத்தியது மண்ணெண்ணெய் ஸ்டவ். சுவீடன்காரர் ஃபிரான்ஸ் லிண்ட்க்விஸ்ட் 1892 வாக்கில் பிரைமஸ் ஸ்டவ்வைக் கொண்டுவந்தார். அது நம் அடுப்படிக்கு வந்து சேர்ந்தபோது கூடவே ஸ்டவ் பின்னும் வந்தது. தகரப் பட்டை, அதன் நுனியில் ஒரு மெல்லிய கம்பி, அவ்வளவுதான். ஆனால் ஒரு தலைமுறையின் பொறியியல் அறிவு முழுவதும் அந்தக் கம்பி நுனியில்தான் நின்றது. சுடர் மங்கினால் குத்து, சீறினால் குத்து, ஒன்றுமே ஆகாவிட்டாலும் சமைக்குமுன் சம்பிரதாயத்துக்கு ஒரு குத்து. ஸ்கேல் மாடலுக்கு வண்ணமடிக்கும் ஏர்பிரஷ்ஷின் நாசில் அடைத்துக்கொள்ளும்போது மட்டும் இந்தக் குலவித்தையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. அதைக் குத்தக் கூடாது, ஊறப்போட வேண்டும். இதற்குச் சாட்சி தேடி ஜப்பானுக்கோ ஜெர்மனிக்கோ போக வேண்டியதில்லை. தூத்துக்குடியே போதும்.

முதலில், அந்த நாசில் ஏன் அத்தனை சின்னதாக இருக்க வேண்டும் என்று கேட்பவருக்கு ஒரு கணக்கு. வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்கு வந்த 'காலியா' கப்பலை ஒருவர் 350-ல் ஒரு பங்காகச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிஜக் கப்பலில் இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள ரிவிட் தலை இதில் 0.07 மில்லிமீட்டர் ஆகிவிடும். சாதாரண பிரஷ்ஷால் 0.1 மி.மீ. தடிமனுக்கு பெயிண்ட் பூசினால் ரிவிட் எல்லாம் சமாதி. கப்பலின் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் அது மூன்றரை சென்டிமீட்டர் கனம். பெயிண்ட் என்று சொல்ல முடியாது, சிமெண்ட் பூச்சு என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து மூழ்கடிக்கப் பார்த்த கப்பலைப் பக்தர் ஒருவர் பெயிண்டிலேயே மூழ்கடித்த பாவம் வேண்டாம். ஏர்பிரஷ் அந்தக் கனத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடும். அதற்கு விலையாக அது கேட்பது 0.2 அல்லது 0.3 மி.மீ. ஓட்டை ஒன்று. அந்த ஓட்டைக்குள் கூர்மையான ஓர் ஊசி உட்கார்ந்திருக்கும். விசையை அழுத்தினால் காற்று வரும், பின்னால் இழுத்தால் ஊசி விலகி பெயிண்ட் வரும். ஊசிக்கும் நாசிலுக்கும் நடுவே உள்ள வளைய இடுக்கு வழியாகத்தான் மொத்தக் கப்பலும் வண்ணமாகி வெளியே வர வேண்டும்.

இந்த இடுக்கை அடைப்பதற்குத் தூத்துக்குடியைப் போலத் தோதான ஊர் கிடையாது. உப்பளம் ஏன் அங்கே செழிக்கிறது? மழை குறைவு, வெயில் அதிகம், கச்சான் வீசினால் பாத்தியில் உள்ள தண்ணீர் மறுபேச்சில்லாமல் மேலே போய்விடும். உப்புக்காரருக்கு லட்சுமி கடாட்சமான அதே காற்று ஏர்பிரஷ்காரருக்கு மூதேவி. ஊசி நுனியில் நிற்கும் துளி அக்ரிலிக், காற்று பட்ட மாத்திரத்தில் காய்ந்து பொருக்காகும். அதன் மேல் இன்னொரு பொருக்கு. தோணி கட்டும் ஊரில் ஓட்டை அடைப்பது கூலி கொடுத்துச் செய்விக்கிற வேலை. பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிப்பவருக்கு அங்கே தனி மரியாதை உண்டு. ஏர்பிரஷ் அந்த வேலையைக் கூலி கேட்காமல் தானே பார்த்துக்கொள்கிறது. ஆனால் உப்பளத்து அனுபவம் இங்கே ஒரு தப்பெண்ணத்தையும் கொடுத்துவிடும். காய்ந்த உப்பு தண்ணீர் பட்டால் கரைந்துவிடும். தண்ணீரில் கலந்து அடித்த அக்ரிலிக்கும் அப்படியே கரையும் என்று நம்பிக் குழாயடியில் காட்டிக்கொண்டே நிற்பவர்கள் உண்டு. ஆனால் தண்ணீர் போனதும் அக்ரிலிக்கில் உள்ள பிளாஸ்டிக் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். பிறகு தாமிரபரணியே நேரில் வந்தாலும் கரையாது. மேலும், குழாயடி என்பது நாசில் கழற்றுகிற இடமும் இல்லை. சாக்கடைத் துளைக்குள் விழுந்த நாசிலை மீட்க எந்த முத்துக்குளிப்பவராலும் முடியாது.

ஆக, கரையாத ஒன்று உள்ளே இருக்கிறது. இங்கேதான் ஸ்டவ் பின் ஆசாமி எழுந்து வருகிறார். ஸ்டவ்வில் பலித்தது இதில் ஏன் பலிக்காது என்கிறார். ஸ்டவ்விலேயே அது முழுக்கப் பலிக்கவில்லை என்பதுதான் பதில். குத்திக் குத்தி ஓட்டை பெருத்து, நீலச் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடி கரியானதும் பழைய நிப்பிளைக் கழற்றிவிட்டுப் புதிது போட்டதெல்லாம் வீட்டுக்கு வீடு நடந்ததுதான். அந்தப் பித்தளை நிப்பிளில் இருந்தது சும்மா ஒரு நேர் துளை. ஏர்பிரஷ் நாசில் உள்ளே கூம்பாகச் சரிந்து, நுனியில் மிக மெல்லிசாக முடிகிறது. ஊசி அதில் சுற்றுமுற்றும் இடைவெளியில்லாமல் பொருந்தி உட்கார வேண்டும். கம்பி ஒரு பக்கம் கீறிவிட்டால் வட்டம் வட்டமாக இருக்காது. பெயிண்ட் நேரே போகாமல் சாய்ந்து போகும், ஊசி மூடியிருக்கும்போதும் கசியும். கொஞ்சம் கூடுதல் வீரம் காட்டினால் நாசிலின் வாய் பிளந்தே போகும். பல்குச்சியால் குத்துகிறவர் இன்னும் பாவம். குச்சி நுனி உள்ளேயே ஒடிந்து, அதுவரை பெயிண்ட் மட்டும் அடைத்துக்கொண்டிருந்த இடத்தில் மரமும் குடியேறும்.

இப்போது சாட்சியை அழைக்கிறேன். மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புக்கு, சிறிய பொருளைச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பதில் நூற்றாண்டுக் கணக்கான அனுபவம் உள்ளது. ஏலத்தில் சிப்பிகளை ஆயிரக்கணக்கில் வாங்கிய வியாபாரி, உள்ளே ராஜா தலையில் ஏறும் முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்று தெரியாமல் பணத்தைக் கொட்டியிருப்பார். அவருக்கு இருந்திருக்கக்கூடிய அவசரத்தை எண்ணிப் பாருங்கள். ஆனாலும் அவர் கத்தியை எடுத்து ஒவ்வொரு சிப்பியாகக் குடையவில்லை. குவித்துப் போட்டு அழுக விட்டார். ஈ மொய்த்தது, புழு வைத்தது, காற்று திரும்பிய பக்கத்து ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு காலம் தள்ளினார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சதையெல்லாம் குழம்பானதும் கடல்நீர் விட்டு அலசி, ஓடுகளைப் பொறுக்கி எறிந்து, அடியில் தங்கிய வண்டலை உலர்த்திப் புடைத்தார்கள். பிறகு பித்தளைச் சல்லடைகள்: 20 துளை தொடங்கி 1000 துளை வரை பத்துச் சல்லடை. கத்தியால் குடைந்திருந்தால் முத்தில் கீறல் விழும். சதைக்குள் ஒளிந்திருக்கும் தூள் முத்து கைக்கே சிக்காது. ஊர் முழுக்க நாறினாலும் சரி, குத்த மாட்டேன் என்று இருந்த மனிதர் அந்த வியாபாரி. நாம் ஒரு மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில் நாசிலை ராத்திரி முழுக்கப் போட்டுவைக்க அலுத்துக்கொள்கிறோம்.

இதற்கு மறுப்பு ஒன்று வரும், அது வலுவான மறுப்புதான். 1955-லிருந்து 1961 வரை நடந்த சலாபங்களோடு அந்த அழுகல் வித்தை முடிந்துபோயிற்று. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் முத்து வளர்த்தபோது அறுவைக் கருவிகளைக் கொண்டு சிப்பிக்குள் கரு வைத்துத்தானே சாதித்தது? அப்படியானால் குத்தித்தானே முத்து வந்தது? உண்மை. ஆனால் கருவியை நீட்டுவதற்கு முன்னால் என்ன செய்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சிப்பியை மெந்தால் தூவிய கடல்நீரில் கிடத்துகிறார்கள். அது மயங்கித் தானாக வாய் தளர்ந்த பிறகே கருவி உள்ளே போகும். முதலில் ஊறல், அப்புறம்தான் கருவி. ஏர்பிரஷ் கம்பெனிகளே நாசிலுக்கென்று மெல்லிய கம்பி செட் விற்கின்றனவே என்று கேட்பவருக்கும் இதே பதில். ஊறி இளகிய பிறகு, நுனிப் பக்கமாக இல்லாமல் அகன்ற பின்வாய் வழியாக, அழுத்தாமல் சுழற்றி எடுக்கத்தான் அந்தக் கம்பி. மருந்துக்கடையில் கிடைக்கும் பல்லிடுக்கு பிரஷ்ஷும் பின்வாய்க்குப் போதும்.

எதில் ஊறப்போடுவது என்பதற்கு அதிக ஆராய்ச்சி தேவையில்லை. அக்ரிலிக் என்றால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மசியாவிட்டால் ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர். எனாமல் என்றால் டர்பென்டைன். நாசிலை மட்டும் போட வேண்டும். சிக்கனம் கருதி ஏர்பிரஷ்ஷையே முக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் உப்பிப்போய், அடைப்பு நீங்கியும் கருவி வேலை செய்யாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்பு எரிய வேண்டாம்; ஸ்டவ் பின்னோடு ஸ்டவ்வையும் தள்ளி வைப்பது நல்லது. கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தில் அமோனியா இருந்தால் பித்தளையை அது மெல்ல அரிக்கும், ஆகவே நெடுநேர ஊறலுக்கு உதவாது. மூக்குக்கண்ணாடிக் கடைகளில் இருக்கும் அல்ட்ராசோனிக் தொட்டி அருமையான வஸ்து. ஆனால் அதில் சோப்புத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், தின்னர் ஊற்றினால் தீப்பிடிக்கும். எல்லாம் முடிந்து நாசிலைத் திரும்ப மாட்டும்போது கை வலிமையைக் காட்ட வேண்டாம். அந்த மரை ஒடிந்தால் பாதி உள்ளேயே நின்றுவிடும்.

துறைமுகப் பக்கத்து ஆட்களிடமிருந்து வரும் ஆட்சேபம்தான் எனக்குப் பிடித்தது. கப்பலுக்கு ஸ்பிரே அடிப்பவர்கள் டிப் அடைத்துக்கொண்டால் ஊறவும் போடுவதில்லை, குத்தவும் குத்துவதில்லை. டிப்பை அரைச்சுற்று திருப்பி, பின்பக்கமாக ஒரு சீற்று விட்டு, மறுபடி திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த டிப்பின் ஓட்டையும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான்! நிஜக் கப்பலுக்கும் மேசைமேல் கப்பலுக்கும் பெயிண்ட் வருகிற வாசல் கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம் எல்லாம் பின்னால் தள்ளுகிற சக்தியில் இருக்கிறது. அங்கே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2000, 3000 பவுண்டு. டிப்போ டங்ஸ்டன் கார்பைடு. இங்கே 15, 20 பவுண்டு. அந்த வேகத்தை இங்கே கொடுத்தால் அடைப்போடு நாசிலும் பறந்து அடுத்த வீட்டுக்குப் போகும். ஏர்பிரஷ்ஷின் முன்வாயை விரலால் பொத்திக் காற்றைப் பின்னோக்கித் தள்ளி, பெயிண்ட் கப்பில் குமிழி கிளப்பும் வைத்தியம் உண்டுதான். இன்னும் காயாத பெயிண்டுக்கு அது கேட்கும். காய்ந்த பொருக்கு அந்தக் குமிழிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொருவர் இருக்கிறார்: ஒவ்வொரு வண்ணத்துக்குப் பிறகும் ஒழுங்காகக் கழுவினால் அடைப்பே வராதே என்பவர். அவர் சொல்வதில் பிழையே கிடையாது, அதனால்தான் அவரோடு யாரும் பேசுவதில்லை. அவருக்கும் ஒரு வார்த்தை. ஏர்பிரஷ் பெயிண்டைத் துப்பினாலே அடைப்பு என்று எண்ணிவிடக் கூடாது. கடற்கரைக் காற்றைக் கம்ப்ரசர் இறுக்கும்போது அதிலிருக்கும் ஈரம் ஹோசுக்குள் துளியாக இறங்கி, பெயிண்ட்டோடு சேர்ந்து தெறிக்கும். ஈரம் பிடிக்கும் ஃபில்டரில் நிற்கும் தண்ணீரைத் திறந்து விடாமல் நாசிலைக் கழற்றிக் கழற்றிக் கழுவுவது, காய்ச்சல் ஒருவருக்கிருக்க அடுத்த கட்டில்காரருக்கு ஊசி போடுகிற கதை.

ஏற்கெனவே குத்திவிட்டவர்கள் அந்த நாசிலை எறிய வேண்டாம். வட்டம் கெட்டு அகன்றுபோன நாசில் நுணுக்க வேலைக்கு லாயக்கில்லை என்றாலும் பிரைமர் அடிக்கவும், காலியாவின் நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள சிவப்பை அடிக்கவும் தாராளமாகப் போதும். கப்பலைச் சுற்றி ரெசின் ஊற்றிக் கடலில் மிதப்பதுபோலச் செய்துவிட்டால் அந்தச் சிவப்பும் யார் கண்ணிலும் படாது.