வழிகாட்டி ஐயா, எந்தப் பாதி முதலில் வரும்?

பெறுநர்: ஒன்றியத் தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகம், புது டெல்லி.
அனுப்புநர்: எட்டுத் தறிக்காரன், சங்கரன்கோவில், தென்காசி மாவட்டம்.



29 தொழிலாளர் சட்டங்களை நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி எங்கள் பாரத்தைக் குறைத்ததற்கு முதலில் நன்றி. பழைய 29இல் எனக்கு இரண்டு தெரியும். புதிய நான்கில் ஒன்றும் தெரியாது. பாரம் குறைந்திருப்பது உண்மைதான்.

ஊதியத் தொகுப்பை 2019இலும் மற்ற மூன்றை 2020 செப்டம்பரிலும் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினீர்கள். அப்புறம் ஐந்து வருடம் பேச்சில்லை. 2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை, திடீரென்று எல்லாம் அமலுக்கு வந்துவிட்டது என்றீர்கள். மறுநாள் சனிக்கிழமை, எங்களுக்குக் கூலி போடும் நாள். ஐந்து வருடம் யோசித்தவர்கள் எங்களுக்கு ஒரு ராத்திரி கொடுத்தீர்கள். புதிய விதிகள் முடிவாகும்வரை பழையவையும் தேவைக்கேற்பத் தொடரும் என்று அன்றைக்கே ஒரு பின்குறிப்பு வேறு. ஆகப் பழையதை மறக்கவும் கூடாது, புதியதைப் படிக்காமலும் இருக்கக் கூடாது. அரசிதழோ ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும். எங்கள் தெருவில் இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவர் ஒரு பாங்க் மேனேஜர். அவரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் கேட்டவுடன் மனம் குளிர்ந்தது. இனிமேல் இன்ஸ்பெக்டர் வெறும் இன்ஸ்பெக்டர் இல்லையாம், 'ஆய்வாளர் மற்றும் வழிகாட்டி'யாம். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் சட்டத்தை எடுத்துச் சொல்வதும் அவர் வேலையாம். குறை இருந்தால் உடனே வழக்குப் போடாமல், சரிசெய்யச் சொல்லி எழுத்தில் கொடுத்து அவகாசமும் தருவாராம். இதை எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் விளக்க வேண்டாம். பாதி சிவன், பாதி பெருமாளாக ஒரே உடம்பில் நிற்கும் சங்கரநாராயணரை தினமும் கும்பிடுகிறவர்கள் நாங்கள். அந்தக் காட்சிக்காகக் கோமதி அம்மனே தபசு இருக்க வேண்டியிருந்தது. ஆடித்தபசுக்காவது ஒரு நாள் குறித்திருக்கிறது. உங்கள் வழிகாட்டிப் பாதி எந்த மாதம் தரிசனம் தரும் என்று தெரிந்தால், ஒற்றைக் காலில் நிற்க ஆள் ஏற்பாடு செய்துவிடலாம்.

அதுவரை எங்களுக்கு வழிகாட்டி, ஆடிட்டர் ஆபீஸ் தம்பிதான். மாசச் சம்பளம் மாதிரி வாங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, ஒன்பதோட நிறுத்திக்கோங்க" என்ற ஒரே வரியில் மொத்தச் சட்டத்தையும் சொல்லிவிட்டார். பத்துப் பேர் ஆனால் ஈஎஸ்ஐ, பத்துப் பேர் ஆனால் கிராஜுவிட்டி, இருபது ஆனால் பிஎஃப். மின்சாரம் ஓடுகிற இடம் 'தொழிற்சாலை' ஆவதற்கு முன்பு பத்துப் பேர் போதும், இப்போது இருபது. என் கணக்கைப் பாருங்கள்: ஆளுக்கு இரண்டு தறி வீதம் பகலுக்கு நான்கு பேர், ராத்திரிக்கு நான்கு பேர், தார் சுற்றுகிற அக்கா ஒருத்தர். கச்சிதமாக ஒன்பது. பக்கத்து ஷெட் மனைவி பேரில், மூலை ஷெட் மச்சினன் பேரில் என்றுதான் தெருவே இருக்கிறது. சுவர் ஒன்று, மீட்டர் மூன்று. பெண் தொழில்முனைவோர் பெருகிவிட்டார்கள் என்று நீங்கள் அறிக்கை விடும்போது எங்கள் தெருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வியாபாரம் வளர்ந்து பத்தாவது ஆளைச் சேர்க்கிற நாளில்தான் ஒருவன் முட்டாள் என்று ஊர் சொல்லும். எங்கள் வளர்ச்சிக்கு நீங்கள் போட்ட கணக்கு அப்படி.

ஊதியத் தொகுப்பு மட்டும் ஆள் கணக்குப் பார்க்காது, ஒரே ஆள் இருந்தாலும் செல்லும் என்று பிறகுதான் தெரிந்தது. அதைத் தம்பி சொல்லவில்லை. அதற்குத் தனி ஃபீஸ் போலும்.

எல்லோருக்கும் நியமனக் கடிதம் தரச் சொல்கிறீர்கள். நல்ல காரியம், தப்பே சொல்ல மாட்டேன். பாங்கில் லோன் கேட்கப் போகும் நெசவாளி கையில் காட்ட ஒரு காகிதம் கிடைக்கும். எழுத உட்கார்ந்தால்தான் கை நிற்கிறது. சம்பளம் என்ற இடத்தில் என்ன எழுத? மீட்டருக்கு இவ்வளவு கூலி. கரண்ட் போனால் இல்லை, பாவு தீர்ந்தால் இல்லை. படிகள் எல்லாம் சேர்த்துப் பாதிக்கு மேல் போனால் மிச்சத்தைச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடு என்று வேறு ஒரு விதி. எங்கள் ஆட்களின் வீட்டு வாடகைப் படி அவர்களே கொடுக்கிற வாடகை. போக்குவரத்துப் படி ஒரு சைக்கிள்.

நாற்பது தாண்டியவர்களுக்கு வருடம் ஒரு முறை இலவச உடல் பரிசோதனை என்பதும் நல்லதுதான். தறிச் சத்தத்தில் காது மந்தமானவர்களிடம் அதைச் சொல்லிப் புரியவைப்பது மட்டும் கொஞ்சம் சிரமம்.

நீங்கள் மட்டும்தான் குழப்புகிறீர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைச் சென்னையில் சட்டமன்றத்தில் நிறைவேற்றினார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். பத்து நாளில் வந்து போன மசோதா. எங்கள் ஆட்கள் அதைக் கவனிக்கவே இல்லை, பன்னிரண்டு மணி நேரம் வேலையில் இருந்தார்கள்.

கேட்பது பெரிதில்லை. சட்டத்தைத் தமிழில் நான்கு பக்கம் அச்சடித்து அனுப்புங்கள். அதோடு, அந்த ஆய்வாளர் மற்றும் வழிகாட்டியைக் கணினி குலுக்கிப் போட்டு எங்கள் தெருவுக்கு அனுப்பும்போது, வருவது எந்தப் பாதி என்று முதல் நாளே ஒரு தகவல் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு எத்தனை ஷெட் திறப்பது, யார் யார் யாருடைய ஆள் என்று நாங்கள் பேசி முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒன்பது பேரின் முதலாளி