கம்பெடுத்த சம்சாரி

“சுகர் கூடியிருக்கு, தினமும் நடங்க” என்று டாக்டர் சொன்னால் மற்ற ஊர்க்காரர்களுக்கு அது வெறும் நடை. திருவிடைமருதூரில் அப்படியில்லை. மகாலிங்க சுவாமி கோயிலின் வெளிப்பிரகாரத்துக்கு அசுவமேதப் பிரகாரம் என்று பெயர். அதை வலம் வந்தால் அசுவமேத யாகம் செய்த பலன் என்பது ஐதீகம். குதிரை வேண்டாம், புரோகிதர் வேண்டாம், படையெடுக்க எதிரி நாடும் வேண்டாம். நானும் அந்தக் காலத்துச் சக்கரவர்த்திகள் பொறாமைப்படும் அளவுக்கு யாகங்கள் செய்து பார்த்தேன். சுகர் இறங்கவில்லை. யாகம் முடிந்து வீடு திரும்பும் வழியில் காப்பிக் கடை இருக்கிறது. கும்பகோணத்துக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு டிகிரி காப்பியைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கிற மன உறுதி எந்த யாகத்தாலும் வருவதில்லை.

ஆகவே சிலம்பத்தில் சேர்ந்தேன். வயது 48. அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிற உத்தியோகம். அதுவரை நான் கையில் எடுத்த அதிகபட்ச ஆயுதம் ஸ்டேப்ளர்.

காலை ஐந்தரை மணிக்குத் திடலில் வகுப்பு. என்னைத் தவிர எல்லோரும் பத்து வயதை ஒட்டியவர்கள். அவர்கள் சேர்ந்ததற்கு நியாயமான காரணம் இருக்கிறது: அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அதற்குப் பிறகு பெற்றோர்களின் கண்ணில் புது வெளிச்சம். திடலோரம் வண்டியில் சாய்ந்தபடி, “சர்ட்டிபிகேட் எப்ப சார் தருவீங்க?” என்று வாத்தியாரைக் கேட்கிறார்கள். என்னைப் பார்த்ததும், “உங்க பையன் எங்க சார்?” என்கிறார்கள். பையன் இல்லை, நான்தான் என்றால், ஏதோ கெட்ட செய்தி கேட்ட முகத்தோடு, “பரவாயில்ல சார்” என்று ஆறுதல் சொல்கிறார்கள்.

முதலில் கம்பையே கொடுக்க மாட்டார்கள். காலடிதான். முன்னால், பின்னால், திரும்பு, மறுபடி முன்னால். இரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு குட்டிப்பெண்தான் எனக்கு மேலாளர். “அங்கிள், எடது கால் சொன்னா எடது காலதான் வைக்கணும்” என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொல்லும். அலுவலகத்தில் முப்பது வருஷம் பழகியும் எனக்கு இவ்வளவு தெளிவாக உத்தரவு போட்ட ஒருவர் அமையவில்லை.

குறவஞ்சி, மறக்காணம், துளுக்காணம், நாகம் பதினாறு, கள்ளர் பத்து என்று சிலம்பத்தில் முறைகள் பல. நான் வீசுவது இவற்றில் எதிலும் அடங்காது. வாத்தியார் அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

சிக்கல் திடலில் இல்லை, வீட்டில்தான் ஆரம்பித்தது. கம்பு நம் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. நெற்றி உயரக் கம்பை நடுக்கூடத்தில் சுழற்றினால் மேலே ஃபேன், பக்கத்தில் டிவி, எதிரே மாமனார் படம். மூன்றுக்கும் சேதம் வராமல் சுற்றுகிற அடவு எந்த முறையிலும் கிடையாது. மாடிக்குப் போனேன். அங்கே அம்மா வடகம் காயவைத்திருந்தார். “இந்த வயசுல யாரோட சண்டைக்குப் போப்போற?” என்று கேட்டார். தற்காப்பு என்றேன். “வடகத்த மிதிக்காம தற்காத்துக்க” என்றார்.

என் மனைவி எதிர்க்கவே இல்லை. அதுதான் ஆபத்து. எண்ணெய் தடவி மூலையில் நிறுத்தியிருந்த கம்பு ஒருநாள் காணோம். தேடினால் அதன் நுனியில் துணியைச் சுற்றி ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அது முருங்கைக்காய் பறித்தது. மழைநாளில் இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே படுத்துக்கொண்டு துணி காயவைத்தது. “ஏங்க, இவ்வளவு நாளா இப்படி ஒரு கம்பு இல்லாம எப்படிக் குடும்பம் நடத்தினோம்?” என்று அவர் வியந்தபோது, போர்க்கலைகள் நாட்டில் எப்படி அழிந்தன என்பதற்கு எனக்கு ஒரு விடை கிடைத்தது.

தெருநாய்கள் விஷயம் தனி. கம்பில்லாமல் நடந்த காலத்தில் ஒரு நாயும் என்னைப் பொருட்படுத்தியதில்லை. கம்போடு போனதும் நான்கு வீதி நாய்களும் என்னை முக்கியஸ்தனாக அங்கீகரித்துவிட்டன.

அலுவலகத்திலும் மாற்றம் தெரிந்தது. தை, மாசியில் சம்பா, தாளடி நெல் லாரி லாரியாக ஆலைக்கு வந்து இறங்கும். தலை நிமிர நேரம் இருக்காது. அந்தச் சமயத்தில் மணிக்கட்டு வலியோடு நான் பதிந்த எண்களைப் பார்த்த முதலாளி, “எழுத்துல ஒரு வேகம் தெரியுதே” என்றார். பாராட்டா, எச்சரிக்கையா என்று இன்னும் தெரியவில்லை.

இந்தக் காலத்தில் கைபேசியைத் திறந்தால் ஷாவோலின் துறவிகள் வருகிறார்கள். விடியுமுன் எழுகிறார்கள், மலைப்படியில் கைகளால் இறங்குகிறார்கள், கலைக்காக எல்லாவற்றையும் விடு என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் விடுவதில் எங்கள் வட்டாரத்தை மிஞ்ச ஆள் கிடையாது. பட்டினத்தார் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர். எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்து எங்கள் கோயிலின் கிழக்கு வாசலில் உட்கார்ந்தார். அவருடைய சீடர் பத்திரகிரியார் அரச பதவியை விட்டுவிட்டு மேற்கு வாசலில் உட்கார்ந்தார். கொஞ்சம் கிழக்கே போனால் திருவாவடுதுறை. அதன் பக்கத்தில்தான் திருமூலர், இறந்துபோன இடையன் மூலனின் உடம்பில் புகுந்தார். மூலனின் மனைவி வந்து வீட்டுக்குக் கூப்பிட்டபோது, எனக்கும் உனக்கும் எந்த உறவும் இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த அம்மாள் ஊர்ப் பெரியவர்களிடம் போய் முறையிட்டும் பலனில்லை. பயிற்சிக்கும் குடும்பத்துக்கும் நடுவிலுள்ள பிரச்சினையை இதைவிடச் சுருக்கமாகத் தீர்த்தவர் இல்லை. நான் இதே வசனத்தைச் சொன்னால் ஊர்ப் பெரியவர்கள் வரை போகாது, சமையலறையிலேயே தீர்ப்பாகிவிடும்.

துறவிலும் எங்கள் ஊர் அளவுகோல் கடுமையானது. பிச்சை கேட்டு வந்தவரிடம் பட்டினத்தார், “மேற்கு வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போய்க் கேள்” என்றாராம். பத்திரகிரியாரிடம் இருந்த சொத்து ஒரு திருவோடும் கூடவே திரிந்த ஒரு நாயும். அதற்கே சம்சாரிப் பட்டம். இருசக்கர வண்டி, நகைக்கடன், கல்லூரி போகும் பெண், மூன்று வேளை மாத்திரை டப்பா எல்லாம் வைத்திருக்கிற என்னை எந்த வாசலில் உட்காரவைப்பது? வரகுண பாண்டியனைத் துரத்திய பிரம்மஹத்திகூட கிழக்கு வாசலிலேயே நின்றுவிட்டது. அவன் மேற்கு வாசல் வழியாகத் தப்பினான். நகைக்கடனுக்கு எல்லா வாசலும் தெரியும்.

கலைக்காக எவ்வளவு விடுவது என்ற இந்தக் குழப்பத்தை வாத்தியாரிடமே கேட்டேன். கொஞ்சம் குத்தகை நிலம், மற்ற நாளில் கொத்தனார் வேலை பார்ப்பவர் அவர். மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் வகுப்புக்கு லீவு. ஐப்பசி அடைமழையில் திடலே சேறு, அப்போதும் லீவு.

“எங்க தாத்தா காலத்துல அறுப்பு முடிஞ்சு வயக்காடு காலியா கெடக்கறப்பதான் சார் கம்பு சுத்துவாங்க. நாத்து நடுற ஆளு நாள் முழுக்கக் கம்பு சுத்துனா சோத்துக்கு என்ன பண்றது? நீங்க ஒருநாள் விட்டு ஒருநாள் வாங்க, போதும். மூட்டுக்கும் லீவு வேணும்ல.”

எனக்குச் சட்டென்று வெளிச்சமானது. நான் துறவிகளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். இது சம்சாரிகளின் கலை. மாட்டுப் பொங்கலுக்கும் மாரியம்மன் ஊர்வலத்துக்கும் கம்பு எடுத்தவர்கள் மறுநாள் வேலைக்குப் போனவர்கள். ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) படத்தில் எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவில் இருந்தபடியே சிலம்பம் சுற்றுவார். சண்டைக்காக அவர் வண்டியை விடவில்லை, வண்டிக்காகச் சண்டையையும் விடவில்லை. சும்மாவா, சின்ன வயதில் கும்பகோணம் யானையடிப் பள்ளியில் படித்தவர் ஆயிற்றே.

உலக சுகாதார நிறுவனமும் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைத்தான் குறைந்தபட்சமாகச் சொல்கிறது, மலைப்படியில் தலைகீழாக இறங்கச் சொல்லவில்லை. செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் அந்தக் கணக்கு நேராகிவிடுகிறது. கணக்கு எழுதுகிறவனுக்கு அதில் ஒரு தனி நிம்மதி. கம்பு சுற்றும்போது முதலாளி நினைவுக்கு வந்தால் உடனே முழங்காலில் ஒன்று விழும். ஆகையால் அந்த ஐம்பது நிமிடம் முதலாளி வருவதில்லை. இரவு பத்து மணிக்குத் தூக்கம் வருகிறது. சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கொஞ்சம்தான், காப்பிக் கடை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

என் வயதில் சேர நினைப்பவர்களுக்கு: முதலில் டாக்டரிடம் கேளுங்கள், பிறகு வீட்டில் கேளுங்கள். வாத்தியாரின் சர்ட்டிபிகேட்டைப் பார்ப்பதைவிட அவருடைய மாணவர்களின் முட்டியைப் பாருங்கள். கம்பு வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். ஒன்று எப்படியும் ஒட்டடை அடிக்கப் போய்விடும்.